நேரியல் உருமாற்றமா, இல்லையா? சோதிப்பது எப்படி

ஒரு சார்பில் (எதையாவது போட்டால் ஒரு விடை தரும் விதியில்) இரண்டைக் கூட்டிப் போட்டால் விடைகளும் கூடி வர வேண்டும்; ஒன்றை எந்த எண்ணால் பெருக்கிப் போட்டாலும் விடையும் அதே எண்ணால் பெருகி வர வேண்டும். அப்படி வந்தால்தான் அது நேரியல் உருமாற்றம். சோதிக்க, முதலில் அதில் பூச்சியத்தைப் போட்டுப் பாருங்கள். விடையாகப் பூச்சியம் வராவிட்டால் அங்கேயே முடிந்தது, நேரியல் அல்ல. சிங்கப்பூர் டாக்சி மீட்டர் அப்படித்தான்: வண்டி நகருமுன்பே ஒரு தொகை காட்டும். பிறகு தூரத்துக்கு நேராகவே ஏறினாலும் அது நேரியல் அல்ல. 2024 முதல் உள்ள 9% ஜிஎஸ்டியை (பொருள், சேவை வரியை) விலையோடு சேர்ப்பது, அதாவது 1.09ஆல் பெருக்குவது, நேரியல்.

பூச்சியம் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ச(அ, ஆ) = (அ + ஆ, அ × ஆ) என்ற சார்பில் (0, 0) போட்டால் (0, 0) வரும். (1, 1) போட்டால் (2, 1). இரட்டித்து (2, 2) போட்டால் (4, 2) வர வேண்டும். வருவதோ (4, 4). இப்படி ஒன்று சிக்கினாலே 'இல்லை' என்று எழுதிவிடலாம்.

'ஆம்' என்பதற்கு எண்களைப் போட்டுக் காட்டினால் மதிப்பெண் கிடைக்காது. ப, ம எந்த வெக்டர்களாக (மேலே பார்த்த (1, 1) போன்றவையாக) இருந்தாலும், க எந்த எண்ணாக இருந்தாலும், ச(க·ப + ம) = க·ச(ப) + ச(ம) என்று எழுத்துகளிலேயே நிறுவ வேண்டும்.