உக்ரைன் மொழிக்கு நாக்கைப் பழக்குறது எப்படி? நம்ம 'அடிச்சு' தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற, உக்ரைன்ல ஹார்கிவ் ஊர்க்காரங்க ஒருத்தங்ககிட்ட "பூனை எப்படி இருக்கு"ன்னு அவங்க மொழியிலயே கேக்கப் போயி, "திமிங்கலம் எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டேன். பேன்ட்ரில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. தமிழ்ல எழுதினா ரெண்டும் 'கித்' தான், ஆனா நடுவுல இருக்குற உயிர் வேற, அது முன்னாடி இருக்குற மெய்யையும் சேத்து மாத்திடுது.

உக்ரைன்ல உயிர் ஒலி மொத்தம் 6, அதுல ரெண்டு நம்ம காதுக்கு 'இ' மாதிரியே விழும். பூனைக்கு நல்லா உதட்ட இழுத்து இ சொல்லணும், அப்ப முன்னாடி இருக்குற மெய் தானா மென்மையாகும். திமிங்கலத்துக்கு 'எ'ல ஆரம்பிச்சு 'இ' பக்கம் பாதி தூரம் போயி நிறுத்திடணும், மெய் மென்மையாகாது. போன்ல செல்ஃபி கேமராவ ஆன் பண்ணி உதட்டப் பாத்துப் பழகுங்க. நான் சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்ல இருந்து பீஷான் வரைக்கும் எம்ஆர்டி ரயில்ல பழகினேன், எதிர்ல இருந்த ஆன்ட்டி இடம் மாறி உக்காந்துட்டாங்க.

மென்மைன்னா பயப்படாதீங்க, 'அடித்து'வ 'அடிச்சு'ன்னும் 'ஐந்து'வ 'அஞ்சு'ன்னும் சொல்றோம்ல, அதே வேலை தான், நமக்கு முன்னாடி வர்ற உயிர் பின்னாடி மெய்யத் தள்ளுது, அவங்களுக்குப் பின்னாடி வர்ற இ முன்னாடி மெய்ய இழுக்குது. கை 'ருகா', ஆனா கையில 'உ ருத்ஸி', க போயி த்ஸ வந்துடுச்சு பாருங்க. மென்மையான ன கிட்டத்தட்ட நம்ம ஞ தான், அதனால வணக்கம் சொல்ற 'தோப்ரி தெஞ்' நமக்கு லட்டு மாதிரி. ஆனா 'தெ'ய மென்மையாக்கிடாதீங்க, உக்ரைன்ல எ மெய்ய மென்மையாக்காது, ரஷ்யன் படிச்சவங்க இங்க தான் சறுக்குவாங்க.

இன்னொரு கூத்து, மெய்யும் உயிர மாத்தும். பூனை 'கித்', பூனையோட 'கொத்தா'. அசை மெய்யில முடிஞ்சா ஓ இ ஆயிடும், தொறந்துட்டா ஓ திரும்ப வந்துடும். அதான் ஊர் பேரு 'ல்விவ்', அந்த ஊர்ல 'உ ல்வோவி'. ஒரு காலத்துல கடைசியில சின்ன உயிர் ஒண்ணு இருந்து தேஞ்சு போச்சு, அது போன இடத்துக்கு ஈடா முன்னாடி இருந்த ஓ நீண்டு இ ஆயிடுச்சு. புதுசா வந்த கடன் சொல்லுல இது நடக்காது, 'டெலிஃபோன்' அப்படியே தான் இருக்கு. 'ல்விவ்'ல வர்ற கடைசி 'வ்'வுக்கு ஸ்கூல்ல இங்கிலீஷ் v-க்கு சொல்லிக்குடுத்த மாதிரி பல்ல உதட்டுல வைக்காதீங்க, உதட்டக் குவிச்சு 'உ' மாதிரி விடுங்க.

பழக ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எண்ணினா போதும், கோப்பிக்கு க்யூல நிக்கும்போது பண்ணலாம். 'ஒதின், த்வா, த்ரி, சொதிரி'. இதுல ஒண்ணுலயும் மூணுலயும் நாலுலயும் வர்றது திமிங்கல இ, நாலுல 'சொ' இருக்கே, அது பழைய 'செ', ச ஒலி பக்கத்துல இருந்து எ-ய ஓ ஆக்கிடுச்சு. அஞ்சு மட்டும் 'ப்'னு நிறுத்தி அப்புறம் 'யாத்', ப-வும் ய-வும் ஒட்டக் கூடாது, எழுதும்போதே நடுவுல மேல ஒரு காற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) போட்டு வெட்டி வைப்பாங்க.