பூர்வகுடி டிராக் கலைஞர்களை மேடைக்கு அழைக்கிறீர்களா?

சிட்னியில் டிராக் நிகழ்ச்சிகளுக்கு, அதாவது மிகையான ஒப்பனையும் உடையும் போட்டு வேறு பாலினத் தோற்றத்தில் ஆடிப்பாடும் மேடைக்கலைக்கு, மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கிறேன். விக் சீவுவது, உடைக்கு இஸ்திரி போடுவது, கடைசி நிமிடத்தில் அறுந்த ஜிப்பைத் தைப்பது எல்லாம் என் தலையில்தான். 2023இல் பால்புதுமையினரின் உலகத் திருவிழாவான வேர்ல்ட் பிரைடு இங்கே நடந்தது. வெளிநாட்டுப் பூர்வகுடிக் கலைஞரையும் ஆஸ்திரேலியாவின் சொந்தப் பூர்வகுடியான அபாரிஜினல் கலைஞரையும் ஒரே மேடையில் ஏற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது.

முதலில் விசா. நியூசிலாந்துக் குடியுரிமை உள்ள மாவோரி, சமோவா கலைஞர்கள் வந்து இறங்கினாலே வேலை செய்யலாம். கனடாக்காரர் சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்கு ஆட முடியாது. 408 என்ற தற்காலிக விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அப்புறம் பெட்டி. இறகு, சிப்பி, விதை, மரப்பட்டைத் துணி எதுவாக இருந்தாலும் விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம். உடைகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எது பிடிபடும் என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

சிட்னி நகர மையம் கடிகல் மக்களின் மண். தொடக்கத்தில் மண்ணுக்கு வரவேற்கும் சடங்கை அந்த மண்ணுக்குரியவர்தான் செய்ய வேண்டும். மெட்ரோபாலிட்டன் உள்ளூர் அபாரிஜினல் நில மன்றத்திடம் கேளுங்கள், அதற்குரிய கட்டணத்தையும் கொடுங்கள். மேடையில் ஆடப்போகிறவரையே அதற்கும் இழுத்து விடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள திவி (Tiwi) தீவுகளிலிருந்து வரும் சிஸ்டர்கேர்ளும் (பூர்வகுடித் திருநங்கை) சிட்னியில் விருந்தாளிதான்.

"பாரம்பரிய நடனம் ஏதாவது ஆடுவீர்களா?" என்று கேட்காதீர்கள். எனக்கு எரிச்சல் வரும் கேள்வி இது. அபாரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு டிராக் குயின்களுக்காகவே 2017இல் டார்வினில் மிஸ் ஃபர்ஸ்ட் நேஷன் போட்டி தொடங்கியது. பாப் பாட்டுக்கு உதடசைத்துக் கிண்டலடித்தாலும் அது அவர்களுடைய டிராக்தான். சில பாட்டும் ஓவியமும் குறிப்பிட்ட குடும்பத்துக்கே சொந்தம். எதை மேடையேற்றலாம் என்பதைக் கலைஞரே முடிவு செய்யட்டும்.

போஸ்டரில் அபாரிஜினல் கொடி போடலாம். 2022 முதல் அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இணையத்தில் கிடைத்த புள்ளி ஓவியத்தை மட்டும் எடுத்து ஒட்டாதீர்கள், அது யாரோ ஒருவர் வரைந்தது.

பணம். நம் ஊர் சபாவில் பொன்னாடை போர்த்திக் கவரைக் கையில் திணிப்பார்களே, அதெல்லாம் இங்கே எடுபடாது. பாதித் தொகை முன்பணம், விக் பெட்டிக்குக் கூடுதல் லக்கேஜ் செலவு, சாப்பாட்டுப் படி எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உள்ளூர்க் கலைஞருக்கும் அதே தொகை. "உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்று ஆரம்பிப்பவருக்கு நான் வேலை செய்வதில்லை.

ஒப்பனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். பூட்டுள்ள அறை, பெரிய கண்ணாடி, வெள்ளை விளக்கு, ஃபேன், உதட்டுச்சாயம் கலையாமல் குடிக்க ஸ்ட்ரா. ஹீல்ஸ் போட்டு ஏறும் படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

பூர்வகுடிகள் தங்கள் பாலின, பாலியல் அடையாளத்துக்கு வைத்திருக்கும் டூ ஸ்பிரிட் (வட அமெரிக்கா), தகாடாபுயி (மாவோரி), ஃபாஅஃபாஃபினே (சமோவா) போன்ற பெயர்களில் எதையும் தொகுப்பாளர் தானாகச் சொல்லக்கூடாது. அறிமுக வரிகளைக் கலைஞரிடமே எழுதி வாங்கி, பெயரை உச்சரித்துப் பழகச் சொல்லுங்கள். வீடியோவை அவர் பார்த்துச் சரி என்ற பிறகு ஏற்றுங்கள். திரையில் இறந்தவர்களின் படம் வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை வாசகம் போடுங்கள்.

வேஷம் கலைக்கத் தேங்காய் எண்ணெய், பழைய துண்டுகள். வெள்ளைத் துண்டை மட்டும் வைக்காதீர்கள், ஹோட்டல்காரர் அதற்கும் பில் போடுவார்.