பழைய மெத்தையை லாப்பாக்காரரிடம் கொடுக்காதீர்கள்: பலெர்மோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வந்திறங்கிய கிழமையே எல்லாரும் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சொஜோர்னோ என்ற வதிவிட அனுமதிக்கு எந்தத் தபாற்கந்தோர், கோதிசே பிஸ்காலே என்ற வரி இலக்கம் எங்கே எடுப்பது, எந்த வீட்டுக்காரர் கொந்த்ராத்தோ என்ற வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவார், எவர் தரமாட்டார் என்று எல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. குப்பையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் "கீழே கொண்டுபோய் வையும், அவங்கள் எடுப்பாங்கள்" என்பதோடு சரி. இப்படிச் சரியான வழி தெரியாமல், மூன்று சில்லு வண்டியில் பழைய சாமான் ஏற்றிப்போகும் லாப்பாக்காரரை நம்பியதால் 2024இல் என் நண்பர் ஒருவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டாக எழுதுகிறேன்.

முதலில் கந்தோர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு எடுத்து ரெசிடென்சா என்ற வதிவிடப் பதிவு செய்ததும், கொமூனே என்ற நகரசபையில் தாரி என்ற குப்பை வரிக்கும் உங்கள் பெயரைப் பதியுங்கள். ஆறு மாதத்துக்குள் காலிபண்ணும் வீடு என்றால் வரி வீட்டுக்காரருக்கு, அதற்கு மேல் இருந்தால் இருப்பவருக்கு. பதிந்தால்தானே காசு கட்டவேண்டும் என்று ஒளித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, ஆனால் வீட்டு வாசலில் வந்து எடுக்கும் பகுதிகளில் வாளி கேட்டுப் போனால் முதல் கேள்வியே தாரி யார் பெயரில் என்பதுதான். எந்த நாள் எந்தக் குப்பை என்ற அட்டவணை பகுதிக்குப் பகுதி மாறும், வாளி நிறமும் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே மிலானோவில் இருக்கும் மச்சானிடம் கேட்காமல் உங்கள் கட்டடத்தில் இருக்கும் கிழவியிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.

இனி விடயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவர் இங்கே என்ன பார்க்கிறார்? தெருமுனைத் தொட்டி வழிந்து, பக்கத்தில் சோபா, மெத்தை, கழிவறைப் பீங்கான் எல்லாம் கிடக்கிறது. ஊரை விட்டு வெளியே போனால் தோடைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வீதியோரம் ரயரும் உடைந்த ஓடும் சீமெந்துக் கட்டியும். தென்கரையில் ரோமன்யோலோவிலிருந்து ஆக்குவா தெய் கொர்சாரி வரை நடந்தீர்களானால், கடல் உருட்டிப்போட்ட கல்லில் பாதி கல்லே இல்லை என்பது விளங்கும்: தரையோட்டுத் துண்டு, செங்கல், இன்னும் நீல நிறம் போகாத குளியலறை ஓடு. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் இடிபாட்டைக் கொட்டித்தான் இப்போது பிள்ளைகள் பந்தடிக்கும் போரோ இத்தாலிக்கோ புல்வெளிக்கே நிலம் வந்தது. பிறகு ஐம்பதுகள், அறுபதுகளில் பழைய மாளிகைகளை இடித்து அடுக்குமாடி எழுப்பிய காலத்தில் லொறி லொறியாகத் தென்கரையில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆக்குவா தெய் கொர்சாரியில் அந்தக் குப்பை ஒரு மேடாகவே எழும்பி நின்றது. அந்த இடத்துப் பூங்காவுக்கு லீபெரோ கிராஸ்ஸியின் பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பம் கட்டமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னதற்காக 1991 ஓகஸ்டில் மாபியா சுட்டுக்கொன்ற வியாபாரி அவர்.

இதை எல்லாம் பார்த்துவிட்டு எங்கள் ஆட்கள் வரும் முடிவு ஒன்றுதான்: "இவங்களே போடுறாங்கள், நாங்கள் போட்டால் என்ன?" எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற பேச்சு இது. சட்டவிரோதக் குப்பைமேடுகளை மூடாததற்காக 2014 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலிக்கு 40 மில்லியன் யூரோ தண்டம் போட்டது, அதற்கு மேல் ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் 42.8 மில்லியன் வரை. அதற்குப் பிறகு சட்டம் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. தெரு பார்வைக்கு அப்படியே கிடக்கிறது என்பதற்காகச் சட்டமும் அப்படியே கிடக்கிறது என்று நினைக்காதீர்கள்.

நண்பரின் கதை இதுதான். பல்லாரோ பக்கம் இருந்த வீட்டிலிருந்து கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறினார். பழைய வீட்டில் ஒரு இரட்டை மெத்தை, ஓடாத பிரிட்ஜ், கதவு கழன்ற அலுமாரி. சாவி கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. பின்னேரங்களில் தெருவில் "பழைய இரும்பு" என்று கூவிக்கொண்டு மூன்று சில்லு லாப்பா ஓட்டி வருவார்களே, அப்படி ஒருவரை மறித்துக் கேட்டார். ஐம்பது யூரோ, மூன்றையும் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன் என்றார் அந்த ஆள். ஊரில் நாங்கள் பழைய சாமானைச் சில்லறைக் காசுக்குக் கொடுத்து விடுவதில்லையா, அப்படித்தான் இவரும் கொடுத்தார். ஏற்றுவதற்குக் கைகூடக் கொடுத்தார்.

சில கிழமை கழித்து நகரப் பொலிசிடமிருந்து பச்சை உறையில் கடிதம். போனால் மேசையில் படங்களைப் பரப்பிக் காட்டினார்கள். கடலுக்கு இறங்கும் ஒரு மண்பாதை, நாணற்புதர், அதற்குள் முகம் குப்புற விழுந்த அலுமாரி. பிரிட்ஜின் பின்பக்கத்து மோட்டரை வெட்டி எடுத்திருந்தார்கள், அதற்குத்தான் காசு கிடைக்கும். அடுத்த படத்தில் அலுமாரியின் லாச்சி, அதற்குள் ஒரு மருந்துச் சீட்டு, அதில் அவருடைய மகளின் பெயரும் கோதிசே பிஸ்காலேயும். அந்தச் சீட்டைக் காட்டுவதற்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டதாம், ஏனென்றால் முதற் படத்திலேயே அலுமாரிக் கதவில் பிள்ளை ஒட்டிய வண்ணத்துப்பூச்சி தெரிந்தது.

"யாரிடம் கொடுத்தீர்?" "லாப்பாக்காரரிடம்." "பெயர்?" தெரியாது. "வாகன இலக்கம்?" தெரியாது. "பற்றுச்சீட்டு?" இல்லை. முடிந்தது. சட்டத்தரணிக்கு, தண்டத்துக்கு, அந்த இடத்தைத் துப்புரவாக்கிய செலவுக்கு என்று போன காசு அவருடைய பல மாத வாடகை. காசைவிட அவரைத் தின்ற விடயம் வேறு. பத்து ஆண்டு ரெசிடென்சாவை எண்ணி எண்ணிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்த மனிதர், கோப்பில் ஒரு குற்ற விவகாரம் வந்துவிட்டதே என்று இரவெல்லாம் முழித்திருந்தார். மனுசி வேலைக்குப் போய்விடுவா, இவர் குசினிக்குள் இருந்து அந்தக் கடிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இங்கேதான் பொறி. காசு கொடுத்து அனுப்பிவிட்டால் சாமான் உங்கள் தலையை விட்டுப் போய்விட்டது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். இத்தாலியச் சட்டத்தில் குப்பையை உண்டாக்கியவருக்கு, அதை ஏற்ற அனுமதி உள்ளவரிடம் ஒப்படைக்கும்வரை பொறுப்பு உண்டு. அனுமதி உள்ளவர்களுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது, ஆல்போ கெஸ்தோரி அம்பியென்தாலி என்பார்கள், இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். அதில் பெயர் இல்லாதவருக்கு ஒரு நாற்காலிக் காலைக்கூடக் கொடுக்காதீர்கள். வீடு காலிபண்ணித் தரும் கொம்பனியைப் பிடித்தால் பதிவிலக்கத்தைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள், ஏற்றும்போது வாகன இலக்கம் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

2023 ஒக்டோபர் வரை தனிமனிதர் குப்பை கொட்டுவது நிர்வாகத் தண்டத்தோடு போன விடயம். அந்த மாதத்திலிருந்து அது குற்றவியல் விவகாரம், 1,000 முதல் 10,000 யூரோ வரை. 2025 ஓகஸ்டில் அதையும் கூட்டி 1,500 முதல் 18,000 வரை ஆக்கிவிட்டார்கள், வாகனத்தில் கொண்டுபோய்ப் போட்டால் சாரதிப் பத்திரமும் மாதக்கணக்கில் நிறுத்தப்படும். தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவதும் தப்பாது, அதற்கு 1,000 முதல் 3,000. வீதியோரங்களில் மரத்தோடு மரமாகக் கமரா கட்டியிருக்கிறார்கள். கமரா இல்லாத இடத்தில் கையுறை போட்டுக்கொண்டு பையைப் பிரித்துக் கடிதம், மின்சார பில், மருந்துச் சீட்டு தேடுவார்கள்.

இத்தனைக்கும் சரியான வழி மலிவு, அநேகமாக இலவசம். பெரிய சாமானை இங்கொம்பிராந்தி என்பார்கள். நகரத்தின் குப்பை எடுக்கும் நிறுவனத்தோடு முன்கூட்டியே பதிந்தால் சொன்ன நாளில் வாசலில் வந்து எடுப்பார்கள். நாள் தள்ளிக் கிடைக்கலாம், ஆகவே சாவி கொடுக்கும் கிழமை வரை இருக்காமல், வீடு மாறுவது முடிவானதுமே பதியுங்கள். வாகனம் இருந்தால் நகரசபையின் சேகரிப்பு நிலையத்துக்கு நீங்களே கொண்டுபோகலாம், அடையாள அட்டை கேட்பார்கள். புது பிரிட்ஜ் வாங்கினால் பழையதைக் காசில்லாமல் எடுக்கவேண்டியது கடைக்காரரின் கடமை, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும்போது எடுத்துப் போகச் சொல்லுங்கள். 2010இலிருந்து இருக்கும் விதி, கேட்காவிட்டால் சிலர் சும்மா இருந்துவிடுவார்கள். பழைய ரயரை எடுக்கும் செலவு புது ரயரின் விலையிலேயே சேர்ந்திருக்கிறது, மாற்றும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வடை பொரித்த எண்ணெயைக் குசினித் தொட்டியில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து வைத்து எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

வீட்டுவேலைக்குப் போகும் அக்காமாருக்கும் அண்ணைமாருக்கும் தனியாக ஒன்று. வேலைவீட்டு சிஞோரா "இந்தப் பழைய கம்பளத்தையும் விளக்கையும் போகும்போது கீழே போட்டுவிடு" என்பார். அவர் கெட்டவராக இருக்கமாட்டார், ஆனால் தொட்டியடியில் வைக்கும் கை உங்களுடையது, கமராவில் விழும் முகமும் உங்களுடையது. இங்கொம்பிராந்திக்கு உங்கள் பெயரில் பதியுங்கள் சிஞோரா, அவர்கள் வரும் நாளில் நான் கீழே இறக்கி வைக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நான் கேள்விப்பட்டவரை இதற்காக எவரும் வேலையால் நிறுத்தப்படவில்லை.

எரிப்பதையும் மறந்துவிடுங்கள். ஊரில் வளவு மூலையில் குழி வெட்டி, பின்னேரம் சருகோடு சேர்த்துப் பொலித்தீனையும் கொளுத்துவோம், அந்த மணம் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. இங்கே நகரத்துக்கு வெளியே தோட்டத்துண்டு எடுத்து முருங்கை, கத்தரி வைக்கும் எங்கள் ஆட்களில் சிலர் அதே பழக்கத்தில் தீக்குச்சியை எடுக்கிறார்கள். நாப்போலி, கசேர்த்தா பக்கம் நச்சுக் குப்பையை எரித்து எரித்து மண்ணே பாழாய்ப்போனதால் 2013 இறுதியில் கொண்டுவந்த சட்டம், கொட்டிக் கிடக்கும் குப்பையைக் கொளுத்துவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை என்கிறது. கோடையில் இங்கே காட்டுத்தீ எப்படிப் பரவும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 யூலையில் நகரின் பெல்லோலாம்போ குப்பைமேட்டுக்கே தீ ஏறி, நகரம் முழுவதும் சன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தது.

தோட்டத்துக்காரருக்கு இன்னொன்று. வீதியோரம் நெளிநெளியான சாம்பல் நிறச் சீற் கிடந்தால் கோழிக்கூட்டுக்கு உதவும் என்று தூக்கி வராதீர்கள். அது பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ், இங்கே எத்தெர்னித் என்பார்கள், 1992இலேயே தடைசெய்துவிட்டார்கள். ஊரில் அதற்குக் கீழேதான் படுத்து வளர்ந்தோம் என்பது எனக்கும் தெரியும். உடைந்த சீற்றின் தூசி நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரும். கண்டால் தள்ளி நின்று நகரப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

கடற்கரைக்குப் போகாமல் இருக்கமாட்டீர்கள், போகவும் வேண்டும். மொந்தெல்லோ கடற்கரையில் காலை நனைத்தால் ஊரில் காரைநகர்க் கசூரினா கடற்கரை நினைவு வரும், எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. ஆனால் மத்தியதரைக்கடல் எங்கள் கடல்போலத் திறந்த கடல் இல்லை, ஜிப்ரால்டரின் ஒடுங்கிய வாயால் இதன் தண்ணீர் முழுதும் மாறிவர எண்பது, நூறு ஆண்டு ஆகும் என்கிறார்கள். போட்டது சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும். பெரகோஸ்தோ என்ற கோடைத் திருநாள் இரவில், ஓகஸ்ட் 14க்கும் 15க்கும் நடுவே, இளசுகள் கூடாரம் அடித்து நெருப்பு மூட்டுவார்கள், அதற்குத் தடை என்று கொமூனே ஆண்டுதோறும் அறிவிக்கும். அந்தக் கூட்டத்தில் குடும்பத்தோடு போய் மாட்டாதீர்கள், விடிந்த பிறகு சோற்றுப் பொட்டலத்தோடு போங்கள், வரும்போது பையோடு திரும்புங்கள். சிகரெட் கட்டையை மணலில் புதைத்தால் 2016இலிருந்து தண்டம் இருக்கிறது. கரையில் பழுப்பு நிறச் சருகு முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தால் அது குப்பையில்லை, பொசிதோனியா என்ற கடற்புல்லின் இலை, மணலை அலை அள்ளிப் போகாமல் காப்பதே அதுதான். பிள்ளைகள் பொறுக்கிவரும் தும்புப் பந்துகளும் அதன் நார்தான், விளையாடட்டும்.

செப்டெம்பரில் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்காக மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறும்போது எங்கள் பெண்கள் வெறுங்காலோடு ஏறுவதைப் பார்த்து இந்த ஊர்க்காரர் வழிவிட்டு நிற்பார்கள். இந்த ஊரில் எங்களுக்கு இருக்கும் மரியாதையில் பெரும்பங்கு அந்த மலையில் கிடைத்தது. தண்ணீர்ப் போத்தலைக் கீழே கொண்டுவந்து போடுங்கள்.

கடைசியாக, கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு. பச்சை உறையை வாங்காமல் திருப்பி அனுப்பினால் விடயம் போய்விடாது, காலக்கெடு ஓடத்தொடங்கிவிடும். தனியாகப் போய் அரைகுறை இத்தாலியனில் வாக்குமூலம் கொடுக்காமல், முதலில் சட்டத்தரணியிடம் போங்கள், வருமானம் குறைவு என்றால் அரச செலவில் சட்டத்தரணி கேட்கலாம், பத்ரோனாத்தோ என்ற தொழிலாளர் உதவி நிலையத்தில் வழி சொல்வார்கள். லாப்பாக்காரரோடு கதைத்த வாட்ஸ்அப், காசு அனுப்பிய பதிவு, ஏற்றும்போது பக்கத்துவீட்டார் பார்த்திருந்தால் அவர் பெயர், எதையும் அழிக்காமல் எடுத்துப் போங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால் அந்த இலக்கத்தையும் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எந்த வழியில் விடயத்தை முடிப்பது என்று தீர்மானிக்க அது அவருக்குத் தேவை.