நீச்சல்குள பம்பு காற்று இழுக்கிறதா? ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முறை

குளத்தில் தண்ணீர் இருக்கிறது. மோட்டாரும் சுற்றுகிறது. ஆனால் பம்பின் கூடை மூடி வழியாகப் பார்த்தால் பாதித் தண்ணீர்தான். மேலே காற்று கொப்பளிக்கிறது. சுவரில் இருக்கும் ரிட்டர்ன் துளைகளில் தண்ணீரோடு குமிழும் வருகிறது, ஃபில்டர் மேலிருக்கும் பிரஷர் கேஜ் முள் நிற்காமல் ஆடுகிறது. இதைத்தான் பம்பு ப்ரைம் பிடிக்கவில்லை என்கிறோம்.

வேலூர்ப் பக்கம் கிணற்று மோட்டார் ஓட்டிப் பழகியவர்கள் உடனே புட்வால்வை (குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் தாங்கும் வால்வு) தேடுவார்கள். நீச்சல்குள பம்பில் பெரும்பாலும் அது கிடையாது. கூடை இருக்கும் பானையில் நிற்கும் தண்ணீரை வைத்தே குழாயிலுள்ள காற்றை வெளியே தள்ளி, தானாகத் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும் பம்பு இது. வழியில் எங்காவது காற்று நுழைந்தால் அந்த வேலை கெட்டுவிடும். அந்தக் காற்று நுழைவது அநேகமாக எப்போதும் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில்தான். பம்பைத் தாண்டிய குழாய்களில் அழுத்தம் இருப்பதால் அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீய்ச்சும், காற்று உள்ளே போகாது. ஆகவே புது மோட்டார் வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

முதலில் கோளாறு எந்த வகை என்று பாருங்கள். தண்ணீரே ஏறவில்லையா? ஏறிய பத்து நிமிஷத்தில் விட்டுவிடுகிறதா? ஓடும்போது ஒழுங்காக ஓடி, ராத்திரி நிறுத்தினால் காலையில் பானை காலியாக இருக்கிறதா? முதல் வகை என்றால் அடைப்பு, மூடிய வால்வு, அல்லது பெரிய ஓட்டை. இரண்டாவதில் குளத்தின் நீர்மட்டத்தையும் ஸ்கிம்மரையும் (மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் சுவர்ப் பெட்டி) சந்தேகப்படுங்கள். மூன்றாவது, மயிரிழை அளவு ஓட்டை. அல்லது பம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருந்தும் குழாயில் செக் வால்வு (தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு) இல்லை, அல்லது இருந்தும் அதில் குப்பை சிக்கியிருக்கிறது.

வேலை தொடங்குமுன் மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி.யை இறக்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. குளத்தில் யாரும் இருக்கக் கூடாது. சோதனைக்காக ஸ்கிம்மரை மூடி, குளத்தின் அடியிலிருந்து உறிஞ்சும் அடிவாய்க் குழாயை மட்டும் திறக்கும்போது அதன் இழுப்பு முழுதும் ஒரே இடத்தில் விழும். தலைமுடியோ கையோ சிக்கினால் எடுக்க முடியாது.

படி 1: குளத்தைப் பாருங்கள்

நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் நம் பக்கத்துக் குளங்களில் வாரத்துக்கு 2 அங்குலம் ஆவியாகிப் போவது சாதாரணம். குழந்தைகள் குதித்து வெளியே தெறிப்பது தனி. மோட்டார் நின்றிருக்கும்போது மட்டம் சரியாகத் தெரியும், ஓடத் தொடங்கியதும் ஸ்கிம்மருக்குள் மட்டம் இறங்கி, சுழி விழுந்து காற்று போகும். அதனால் ஓடும்போதும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். வாயில் இருக்கும் தட்டு மேலே தூக்கியபடி சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். சுவரில் வேக்கம் பைப் மாட்டும் துளை இருந்தால் அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா, துளை தண்ணீருக்குள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

படி 2: கூடையும் மூடியும்

பாதிக்கு மேற்பட்ட கோளாறு இங்கேயே முடிந்துவிடும் என்பதால் இதில் அவசரம் வேண்டாம். பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் முதலில் வால்வுகளை மூடிவிட்டு, மூடியைத் திறந்து கூடையைக் கழுவுங்கள். வேப்பிலையும் புங்கம்பூவும் கூடையில் மெத்தை போல் படிந்தால் தண்ணீர் போதாமல் பம்பு திணறும். கூடை விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். அதன் வழியே போகும் குச்சிகள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் போய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து, மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். அதைக் கழற்றி விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும், தட்டையாகி இருந்தாலும் புதியது போடுங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ரிங் உட்காரும் பள்ளத்திலும் மூடி விளிம்பிலும் வெள்ளையாகப் படியும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறலே காற்றுக்கு வழி. துணியில் வினிகர் நனைத்துப் பத்து நிமிஷம் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ரிங்கில் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். வண்டி கிரீஸ், வாசலின், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். பல ரப்பர் வகைகள் அதில் ஊறி உப்பிவிடும். பழைய ரிங்கைக் கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள். "இதுவும் செட் ஆகும்" என்று கடைக்காரர் கொடுக்கும் நெருங்கிய அளவு செட் ஆகாது.

படி 3: தண்ணீர் ஊற்றி ஓட்டுதல்

பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மூடியைத் திறக்குமுன் உறிஞ்சும் பக்க வால்வுகளையும் ரிட்டர்ன் வால்வையும் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பு அறை குளமாகும். மேலே இருந்தால் பானை நிரம்பும் வரை வாளியால் ஊற்றுங்கள். 63 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும். ஐந்து மீட்டர் குழாய் என்றால் பானை போகப் பன்னிரண்டு லிட்டர். ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் நான்கைந்து வாளி போயும் நிரம்பவில்லை என்றால் தண்ணீர் குளத்துக்கே திரும்பிப் போகிறது, அல்லது மண்ணுக்குள் போகிறது.

மூடியைக் கையால் இறுக்கி, மூடிய ரிட்டர்ன் வால்வைத் திறந்து, ஃபில்டரில் இருக்கும் மல்டிபோர்ட் வால்வை ரீசர்குலேட் (மணல் வழியே போகாமல் தண்ணீர் நேராகக் குளத்துக்குத் திரும்பும்) நிலையில் வையுங்கள். அழுக்கேறிய மணல் ஃபில்டர் வழியே காற்றைத் தள்ளுவது பம்புக்குக் கஷ்டம். மல்டிபோர்ட் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் பிய்ந்துவிடும். இப்போது ஒரே ஒரு உறிஞ்சும் குழாயை மட்டும் திறந்து ஓட்டுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் பானை நிரம்ப வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகியும் நிரம்பாவிட்டால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் கொஞ்ச நீரும் கொதித்து, மோட்டார் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கருகும்.

ஏலகிரியில் குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். மலைமேல் 1,100 மீட்டரில் அது 9 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். கீழே வேலூரில் தட்டுத்தடுமாறி ஏற்றும் பம்பு அங்கே ஏற்றாமல் போகலாம். பம்பை முடிந்தவரை தாழ்வாக, குளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

படி 4: ஓட்டையைப் பிடித்தல்

பம்பு ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, தரைக்கு மேலே தெரியும் உறிஞ்சும் பக்க ஜாயிண்டுகளில் ஒவ்வொன்றாக மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் மூடி வழியாகக் குமிழைப் பார்க்கட்டும். எந்த ஜாயிண்டில் ஊற்றும்போது குமிழ் நொடிநேரம் நிற்கிறதோ அதுதான் ஓட்டை. மோட்டார் மேல் தண்ணீர் படக் கூடாது. அங்கே நெருங்க வேண்டியிருந்தால் ஷேவிங் நுரையைப் பூசுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் மோட்டார் விசிறிக் காற்றில் புகை எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பத்தி தீர்ந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது, குழாய் பம்புக்குள் திருகப்படும் எம்.டி.ஏ. என்ற வெளிமரை இணைப்பு. பம்பு ஒருமுறை தண்ணீரில்லாமல் ஓடிச் சூடாகியிருந்தால் இந்த பிளாஸ்டிக் மரை இளகிச் சுருங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்து யூனியன் ஓ-ரிங், வால்வு தண்டு, பானைக்கு அடியில் இருக்கும் வடிகால் பிளக்.

எல்லாம் சரியாக இருந்தும் குமிழ் நிற்கவில்லையா? ஸ்கிம்மர் வால்வை மூடி அடிவாயை மட்டும் திறந்து பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். எதை மூடும்போது குமிழ் நிற்கிறதோ, அந்தக் குழாயில் மண்ணுக்கடியில் ஓட்டை. இதற்கு பிரஷர் டெஸ்ட் செய்யும் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

படி 5: சரிசெய்தல்

சுருங்கிய எம்.டி.ஏ.யை டேப் சுற்றிக் காப்பாற்ற முயல வேண்டாம், வெட்டிப் புதியது போடுங்கள். டெஃப்லான் டேப்பை மரையின் முனையைப் பார்த்தபடி வலச்சுற்றாக ஆறு முதல் எட்டுச் சுற்று சுற்றுங்கள். கையால் இறுக்கி, அதற்குமேல் முக்கால் திருப்பம் போதும். பெரிய ரெஞ்சு போட்டு முறுக்கினால் பம்பு உடலே வெடிக்கும். ஓ-ரிங் வைத்த பிளக்குக்கு டேப் சுற்றக் கூடாது.

குழாயை ஒட்டும் சொல்யூஷன் மே மாத உச்சிவெயிலில் ஜாயிண்டைச் செருகுமுன்பே காய்ந்துவிடும். காலை எட்டு மணிக்குள் ஒட்டுங்கள், மறுநாள் ஓட்டுங்கள். எம்-சீல் அப்புவது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

காற்றே இல்லை, ஆனாலும் தண்ணீர் ஏறவில்லை என்றால்

எம்.சி.பி.யை இறக்கி, கூடையை எடுத்துவிட்டு, உள் துளைக்குள் வளைந்த கம்பியை விட்டு இம்பெல்லரில் நார், கொட்டை ஏதும் சிக்கியிருக்கிறதா பாருங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டாராக இருந்தால் இன்னொரு சந்தேகம்: ட்ரான்ஸ்ஃபார்மரிலோ கேபிளிலோ வேலை நடந்த பிறகு ஃபேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். சத்தம் வழக்கம்போல இருக்கும், தண்ணீர் மட்டும் சரியாக வராது. மோட்டார் நிற்கப்போகும் நேரத்தில் விசிறி சுற்றும் திசையை உடலில் இருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இரண்டு ஃபேஸை மாற்றிப் போடச் சொல்லுங்கள். திருகி மாட்டிய இம்பெல்லர் எதிர்ச்சுற்றில் கழன்றுகொள்ளும். சிங்கிள் ஃபேஸ் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். மாலையில் 170க்கு இறங்கும் லைனில் பம்பு தண்ணீர் ஏற்றாவிட்டால் பம்பைக் குறை சொல்ல முடியாது.