ஹை லைனுக்கு வேகமான ஸ்டாப்பர் வேண்டும் என்று நினைப்பதுதான் முதல் தவறு

எங்கள் கடற்கரை ஊர்ப் பசங்களிடம் ஃபுட்பாலில் எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டால் பாதிப்பேர் ஓரத்தில் ஓடும் விங் என்பார்கள், மீதிப்பேர் ஃபார்வர்டு என்பார்கள். குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போன மைக்கேல் சூசைராஜைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறெப்படி இருப்பார்கள்? ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசை நடுவில் நின்று தடுக்கிறவனாக, நிற்க யாரும் கை தூக்குவதில்லை. அதனால் ஹை லைன் ஆடலாம், அதாவது பின்வரிசையைக் கோலருகே நிறுத்தாமல் நடுக்கோட்டருகே ஏற்றி நிறுத்தலாம் என்று முடிவெடுத்த அன்றைக்கு, நானே ஒரு விங்கரைப் பிடித்து ஸ்டாப்பராகப் போட்டேன். பள்ளியில் 100 மீட்டர் ஓட்டத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பின்னால் 40 மீட்டர் காலியாகக் கிடக்கும், அதை ஓடிப் பிடிக்க வேகமான கால் வேண்டும் என்பது என் கணக்கு.

முதல் மேட்சிலேயே மூன்று கோல் வாங்கினோம். மூன்றும் ஒரே மாதிரி. எதிரணி மிட்ஃபீல்டரிடம் பந்து, பின்வரிசையைப் பிளந்து பின்னால் போகும் ஒரு த்ரூ பாஸ், அவர்கள் ஃபார்வர்டு முன்னால், எங்கள் பையன் பின்னால். அந்த ஃபார்வர்டு ஒன்றும் இவனைவிட வேகமானவன் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று அன்றிரவு ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஃபார்வர்டு விநாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறான் என்று வையுங்கள். நம் ஸ்டாப்பர் பந்தையே பார்த்து நின்று, திரும்பி ஓடத் தொடங்க அரை விநாடி தாமதித்தால் 4 மீட்டர் போய்விட்டது. நம் ஆள் விநாடிக்கு 8.4 மீட்டர் ஓடக்கூடிய வேகக்காரன் என்றே இருக்கட்டும். விநாடிக்கு 0.4 மீட்டர்தான் நெருங்க முடியும். 4 மீட்டரை ஈடுகட்ட 10 விநாடி ஆகும். அதற்குள் ஃபார்வர்டு 80 மீட்டர் ஓடியிருப்பான், கோல் போஸ்ட் தாண்டி ரோட்டுக்கே போயிருப்பான். ஹை லைனில் தோற்பது பெரும்பாலும் அந்த அரை விநாடியில்தான்.

அந்த அரை விநாடி எங்கே தொலைகிறது என்பதை மறுநாள் பயிற்சியில் அவன் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இரண்டு காலையும் பந்துக்கு நேராக வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, குதிகால் தரையில் பதிந்து நிற்கிறான். பாஸ் வந்ததும் முதலில் தலை திரும்புகிறது, பிறகு தோள், அப்புறம் இடுப்பு, கடைசியில்தான் கால். நல்ல ஸ்டாப்பர் இப்படி நிற்க மாட்டான். பக்கவாட்டில் ஒருக்களித்து, ஒரு கால் பின்னால், முன்பாதத்தில் எடை. பந்தும் கண்ணில் படும், தனக்குப் பின்னால் நழுவப் பார்க்கிறவனும் படுவான். மிட்ஃபீல்டர் காலை ஓங்கும்போதே இவன் இரண்டு எட்டு இறங்கியிருப்பான். பாஸ் வந்தபின் ஓடுகிறவனுக்கும், வருமுன் இறங்கியவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஓட்டப்பயிற்சியாலும் நிரப்ப முடியாது.

பெரிய மேட்சில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் 2024 அக்டோபர் 26 அன்று ரியல் மாட்ரிட் மைதானத்தில் பார்சிலோனா ஆடியதைத் தேடிப் பாருங்கள். எதிரே மின்னல்வேக எம்பாப்பேயும் வினிசியஸும். பார்சிலோனா கோச் ஹான்சி ஃப்ளிக் நிறுத்திய ஸ்டாப்பர்கள் 33 வயது இனிகோ மார்டினெஸும் 17 வயது குபார்சியும். இருவருமே வேகத்துக்குப் பேர்போனவர்கள் இல்லை. பாஸ் உதைபடும் நொடியில் பின்வரிசையைத் தாண்டி நிற்பவனுக்குப் பந்து போனால் அது ஆஃப்சைடு, ஆட்டம் நிற்கும். மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடில் மாட்டியது, அதில் எம்பாப்பே மட்டும் 8 முறை. பார்சிலோனா 4-0 என்று ஜெயித்தது.

பின்வரிசையை மட்டும் ஏற்றிவிட்டு முன்வரிசையை மறந்துவிடுவது

இதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். பசங்க டிவியில் பார்ப்பது நான்கு பேர் நடுக்கோட்டருகே நிற்பதை. பந்து வைத்திருப்பவன் மேல் மூன்று பேர் விழுவதை யாரும் கவனிப்பதில்லை. ஹை லைன் உயிர்வாழ்வது அந்த நெருக்கடியால்தான். பந்துக்காரன் தலை குனிந்து, முதுகு காட்டி, அவசரத்தில் உதைத்தால் லைன் ஏறலாம். தலை நிமிர்ந்து, பந்தை ஓரடி தள்ளிவிட்டு, மைதானத்தை ஆற அமரப் பார்க்கிறான் என்றால் உடனே இறங்கியாக வேண்டும். எத்தனை வேகமான ஸ்டாப்பராக இருந்தாலும் சரி.

2011 அக்டோபரில் செல்சி தன் சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 3-5 என்று தோற்றது. வில்லாஸ்-போவாஸ் கோச்சாக இருந்த காலம். செல்சி ஸ்டாப்பர் ஜான் டெரி வழுக்கி விழ, ஆர்சனலின் வான் பெர்சி ஓடிப்போய் கோல் அடித்ததுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. 'டெரிக்கு வயசாயிற்று, ஹை லைன் அவருக்கு ஒத்துவராது' என்ற பேச்சு அதோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் இருந்தவர்கள் ஆர்சனல் மிட்ஃபீல்டருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. பழியில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

கோலியை (கோல்கீப்பரை) போஸ்டுக்குள் கட்டிப்போடுவது அடுத்த தவறு. பின்வரிசை 40 மீட்டர் ஏறியபின் கோலி கோட்டிலேயே நின்றால் நடுவில் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனி கோலி மானுவல் நொயர் பெனால்டி பெட்டியைத் தாண்டித் தாண்டி வந்து காலாலும் தலையாலும் பந்தைத் தட்டிவிட்டார். அன்றைக்கு ஜெர்மனியின் ஸ்டாப்பர்களில் ஒருவர் மெர்டசாக்கர், நெட்டையான, மெதுவான ஆள். கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெர்மனி தப்பியது. நம் ஊரில் கோலி அப்படி வெளியே வந்து ஒருமுறை தவறவிட்டால் போதும், கரையில் நிற்பவர்கள் அவனைப் பிய்த்துவிடுவார்கள். பத்துக்கு ஒன்று தவறத்தான் செய்யும், அதைத் தாங்கும் மனசு கோச்சுக்கு வேண்டும்.

ஆஃப்சைடு விதியை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதும் நிறைய கோல் வாங்கித் தருகிறது. தன் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. எனவே லைனை நடுக்கோட்டைத் தாண்டி ஏற்றினால் வலையே இல்லாத கடலில் மீன் பிடிப்பது மாதிரி. த்ரோ இன்னில் கிடையாது, கோல் கிக்கில் கிடையாது, கார்னரிலும் கிடையாது. பின்வரிசையோடு சமக்கோட்டில் நின்றால் 1990-இலிருந்து ஆஃப்சைடு இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு லைன்ஸ்மேனைப் பார்த்து நிற்கும் பழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும். விசில் கேட்கும்வரை ஓடு, மக்கா.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது. அணிக்கு ஏழு பேர் ஆடும் பல செவன்ஸ் போட்டிகளில் ஆஃப்சைடே வைப்பதில்லை. அங்கே போய் ஹை லைன் ஆடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அப்புறம் காற்று. மாலையில் கடற்காற்று ஏறும்போது, அதன் போக்கில் எதிரணி உதைக்கும் பந்து நினைத்ததைவிட நெடுந்தூரம் போய் விழும். எந்தப் பாதியில் காற்று நமக்கு எதிராக இருக்கிறதோ அந்தப் பாதியில் லைன் ஐந்தாறு மீட்டர் கீழே இருக்கட்டும்.

சரி, வேகம் வேண்டவே வேண்டாமா? வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் எப்போதாவது ஒருமுறை முன்வரிசை நெருக்கடி உடையும், ஒருவன் தனியாகக் கழன்று ஓடுவான். அப்போது வேகமான கால் ஒரு தவறை மன்னிக்கும். 2023 நவம்பரில் டாட்டன்ஹாம், இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும் செல்சிக்கு எதிராக நடுக்கோட்டருகே லைன் பிடித்து நின்றது. அவர்களின் வேகமான ஸ்டாப்பர் வான் டி வென் முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியே போயிருந்தார். முடிவு 1-4. அவர் இருந்திருந்தாலும் ஒன்பது பேரோடு பந்துக்காரனை நெருக்க ஆள் ஏது? ஒரே அளவு புத்தியுள்ள இருவரில் ஒருவனைத் தேர வேண்டி வந்தால் வேகமானவனை எடுப்பேன். புத்தியைப் பார்க்கும் முன் ஸ்டாப்வாட்சைப் பார்க்க மாட்டேன்.

இதை நான் பசங்களுக்குப் புரியவைத்தது கரைமடியை, அதாவது கரையில் நின்று இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கும் வலையை வைத்துத்தான். மடி இழுக்கும்போது ஒரு பக்கத்தார் முந்தினால், இன்னொரு பக்கம் பிந்தினால், மீன் எந்தப் பக்கம் போகும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்வரிசையில் மூன்று பேர் ஏறி ஒருவன் தங்கினால் அவ்வளவுதான், அவனைக் கணக்கில் வைத்து ஃபார்வர்டு நிம்மதியாக நிற்பான். அதனால் பழைய கயிறு ஒன்றைக் கொண்டுவந்து நான்கு பேர் இடுப்பிலும் தளர்வாகச் சுற்றி மணலில் ஆடவிடுகிறேன். நான் பந்தை வைத்துக்கொண்டு தலை குனிந்தால் நால்வரும் ஏற வேண்டும், தலை நிமிர்ந்தால் இறங்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் கயிறு நேராக இருக்கும். அப்புறம் எப்போதும் ஒரே இடத்தில், இடப்பக்க பேக்குக்கும் அந்த 100 மீட்டர் பையனுக்கும் நடுவில், அது இழுபடும். போன வாரம் முதல் தடவையாக அரை மணி நேரம் இழுபடாமல் இருந்தது.