ஈரத்துணி மூட்டைக்கு ஒரு வழி

மணிமுத்தாறு, பாபநாசம் என்று வருஷா வருஷம் குடும்பத்தோடு அருவியில் குளிக்கப் போய்விட்டுக் கிளம்பும் கடைசி நாளில், பிழிந்த ஈரத்துணியை அப்படியே பையில் திணிக்காமல், காய்ந்த துண்டை விரித்து அதன்மேல் பரப்பி, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்குங்கள். கையால் பிழிந்த பிறகும் நூலுக்குள் தங்கியிருக்கும் தண்ணீரைக் காய்ந்த பருத்தி இழுத்துக்கொள்ளும்; மூட்டைக் கனம் குறையும், வீட்டுக் கொடியில் போட்டால் சீக்கிரம் காயும். பழைய துண்டுதான் சரி, புதுத்துண்டு தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. அப்புறம், சாயம் போகிற சுங்குடிச் சேலைக்கும் பட்டுக்கும் இது வேண்டாம். ராத்திரி முழுக்கப் பயணம் என்றாலும் உதவாது, எப்படியும் வாடை வந்துவிடும். அப்போது தங்கியிருக்கும் அறையில் ஃபேனுக்கு அடியில் காயவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.