கொதிமணலில் வாழும் கற்பனை விலங்கை வடிவமைப்பது எப்படி?

காது, கொம்பு, வால் எதையும் வரைவதற்கு முன் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: நண்பகல் காற்றின் வெப்பம், தரையின் வெப்பம், நள்ளிரவு வெப்பம், ஈரப்பதம். காற்று 48 டிகிரி செல்சியஸ், மணல் 70, இரவு 18, காற்றில் ஈரம் மிகக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் ஏறும் சூடு எந்த நேரத்தில், எந்த வழியாக இறங்கும்? இதற்குப் பதில் கிடைத்தால்தான் உருவம் நிற்கும்.

பலரும் முதலில் பெரிய காதுகளை வரைந்துவிடுகிறார்கள். ஃபென்னெக் நரிக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது பகலில் வளைக்குள் கிடந்து இரவில் இரை தேடும் பிராணி. ரத்தத்தைவிடக் காற்று குளிர்ச்சியாக இருந்தால்தான் காது சூட்டை வெளியே விடும். 48 டிகிரியில் அதே காது சூட்டை உள்ளே வாங்கும். காது வேண்டுமென்றால், அதன் ரத்தக்குழாய்கள் வெயிலில் சுருங்கி இருட்டியதும் விரியட்டும்.

அடுத்து வியர்வை. 1 கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். நல்ல வழிதான், ஆனால் தண்ணீர் கிடைக்காத இடத்தில் கட்டுப்படியாகாது. தாகத்தில் இருக்கும் ஒட்டகம் செய்வதைப் பாருங்கள்: வியர்க்காமல் உடல் வெப்பத்தை 34-லிருந்து 40 வரை ஏறவிடுகிறது. உங்கள் விலங்கு 200 கிலோ என்றால் கணக்கு இப்படி வரும்: 200 × 3.5 × 6 = 4,200 கிலோஜூல். (ஒரு கிலோ உடலை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3.5 கிலோஜூல் தேவை.) ஒரே பகலில் 1.75 லிட்டர் நீர் மிச்சம்.

சேமித்த சூட்டை இரவில் இறக்கியாக வேண்டும். 10 மணி நேரத்தில் இறக்க 117 வாட் வேகம் தேவை. உடலே உண்டாக்கும் சூட்டையும் இதோடு சேர்த்து இறக்க வேண்டும். அதனால் கொழுப்பை உடம்பு முழுக்கப் பரப்பாமல் திமிலில் குவியுங்கள். அடர்ந்த ரோமம் முதுகில் மட்டும் போதும், வயிறு வெறுமையாக இருக்கட்டும். மூளை 40 டிகிரியைத் தாங்காது என்றால், கெஸல் மானுக்கு உள்ளதுபோல, மூக்கிலிருந்து குளிர்ந்து வரும் ரத்தத்தின் நடுவே மூளைக்குப் போகும் தமனியை மெல்லிய வலையாகப் பிரித்து ஓடவிடுங்கள்.

1 கிலோ விலங்குக்கு இந்த உத்தி பலிக்காது. அது 21 கிலோஜூல்தான் தாங்கும், வெயிலில் சீக்கிரமே நிரம்பிவிடும். அதற்கு வளை கொடுங்கள். மணலுக்கடியில் அரை மீட்டர் ஆழத்தில் பகல் இரவு வேறுபாடு ஏறக்குறைய இருக்காது. சற்று நேரம் மேயட்டும், பிறகு இறங்கி உடம்பைத் தரையில் அப்பிக் குளிரட்டும். இன்னும் சிறிய உருவமென்றால் சஹாராவின் வெள்ளி எறும்பு அருமையான மாதிரி: முக்கோணக் குறுக்குவெட்டு கொண்ட ரோமங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, நீண்ட கால்கள் உடலை அனல் மணலிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்துகின்றன. அந்தச் சில மில்லிமீட்டரிலேயே காற்று கணிசமாகக் குளிர்ந்துவிடும்.

வாழிடத்தை ஈரமான வெப்பத்துக்கு மாற்றினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள். அங்கே வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். எரிமலைக் குழம்பில் நீந்தவிடும் ஆசை வந்தால், நுண்ணுயிர்களிலேயே இதுவரை அறிந்த வளர்ச்சி எல்லை 122 டிகிரிதான். குழம்பு பெரும்பாலும் 700-க்கும் மேல். நீரும் புரதமும் கொண்ட உடம்பை அதன் கரையோடு நிறுத்துங்கள்.